தருவை வரை நீண்ட கேரவன்

இலந்தைவிளைத் தங்கப்பழம் தன் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் கட்டி நிறுத்தியிருந்த கேரவன் முதன்முதலாக நீண்டது ஒரு தை மாதத்து வியாழக்கிழமை சாயங்காலம், டீக்கடைச் சுயம்புவைப் பார்த்து அவர் "அதுக்கென்ன அண்ணாச்சி, நீங்களும் வாங்க" என்று சொல்லி வாயை மூடுவதற்குள்; தகரம் சோம்பல் முறித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது, வண்டியின் நடுவயிறு ஓர் ஆள் நீளத்துக்கு இழுபட்டது, அங்கே புதிதாக ஒரு படுக்கையும் ஒரு ஜன்னலும் தலைமாட்டில் ஒரு குட்டி ஃபேனும் வந்திருந்தன, சுயம்பு உள்ளே ஏறி, படுத்துப் பார்த்து, எழுந்து வந்து, "மேக்குப் பக்கமா வெயில் அடிக்குமே தம்பி, ஒரு ஸ்கிரீன் துணி போட்டிருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டார்.

தங்கப்பழம் லாரிக்கும் மினிபஸ்ஸுக்கும் பாடி கட்டுகிறவர். சாத்தான்குளம் ரோட்டில் பட்டறை. கை சுத்தம், வேலை சுத்தம், ஆனால் அவர் நாக்கில் 'முடியாது' என்ற சொல் மட்டும் ஏறவே ஏறாது. யார் எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன" என்பார். கல்யாணமான புதிதில் மனைவி செல்லக்கனியைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனபோதுகூட வழியனுப்ப வந்தவர்களெல்லாம் அதே வேனில் ஏறிக்கொண்டார்கள், மாப்பிள்ளையும் பொண்ணும் கடைசி சீட்டில் ஒரு பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சூரியோதயம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷத்தில் ஒரு பெண்ணைப் பெற்று, படிக்கவைத்து, ஓசூரில் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று, ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை, ஐந்தாவது வார்த்தைக்குள் யாராவது "அண்ணாச்சி இருக்காவளா?" என்று வாசலில் வந்து நிற்பார்கள்.

பொங்கல் கழிந்த மறுநாள் செல்லக்கனி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "எங்கயாவது ஒரு நாள் போயி இருந்துட்டு வரணுங்க. நாம ரெண்டு பேரு மட்டும்."

"எங்க போணும்?"

"தூரமெல்லாம் வேண்டாம். தருவைக்குப் போவோம்."

ஊருக்குத் தெற்கே தேரி கிடக்கிறது. குங்குமத்தைக் கொட்டி வைத்தாற்போல் சிவப்பு மணல், காற்றடித்தால் இன்றைக்கு இங்கே இருந்த மேடு நாளைக்கு அங்கே இருக்கும், அந்தப் பாலைவனத்துக்கு நடுவில் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு ஏரி பெருகும், அதைத்தான் தருவை என்பார்கள்; பங்குனி வெயிலுக்குள் அது வற்றியும் போய்விடும். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் யாரும் போவதில்லை. வண்டியில் போனால் சக்கரம் புதையும், நடந்து போனால் கால் வேகும், போய்ச் சேர்ந்தாலும் வாங்கித் தின்ன ஒரு பெட்டிக்கடை கிடையாது.

தங்கப்பழத்துக்கு ஆசைதான். மனைவி வாய்விட்டுக் கேட்டது அதுவே முதல் தடவை. ஆனால் நடந்து போய்விட்டு வருவது அவருக்கு ஒரு பயணமாகவே தோன்றவில்லை. தேரியில் சினிமா ஷூட்டிங் நடந்தபோது நடிகர்களுக்கு வந்து நின்ற கேரவனை அவர் கீழே குனிந்து அச்சு வரைக்கும் பார்த்து வைத்திருந்தார். பழைய ஸ்கூல் பஸ் ஒன்றை வாங்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி, அதற்கு மேலே முகம் பார்க்க ஒரு கண்ணாடி என்று பத்தே நாளில் பார்த்துப் பார்த்துக் கட்டினார். செல்லக்கனி ஏறிப் பார்த்துவிட்டு அந்தக் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "இது நல்லாருக்கு," என்றாள். அடுத்த சனிக்கிழமை போவதாக முடிவாயிற்று.

அதற்குள்தான் சுயம்பு கேட்டுவிட்டார்.

"ரெண்டு பேரு மட்டும்னு சொன்னேம்லா," என்றாள் செல்லக்கனி.

"நல்ல மனுசன், கேட்டுட்டாரு. எப்படி மாட்டேன்னு சொல்ல? ஒரு ஆளுதான?"

ஒரு ஆள் என்பது டீக்கடையில் எப்படி ஒரு ஆளாகவே இருக்கும்? மறுநாள் காலையில் டீ குடித்தவர்களெல்லாம் கேட்டார்கள். "அதுக்கென்ன, வாங்க." சர்ச்சுக் கொயர் கேட்டது. "அதுக்கென்ன." கோயில் வில்லிசைக்காரர்கள் கேட்டார்கள், எதிர்ப்படுக்கைகள் அவர்களுக்கு வந்தன, இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஒத்திகை பார்த்ததில் அல்லேலூயாவுக்கு உடுக்கு அடிக்கும் பழக்கம் வந்தது. சொல்லச் சொல்லத் தகரம் முனகும், வண்டியின் மூக்கு ஓர் ஆள் நீளம் தெற்கே நகரும், வந்தவர் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார். துண்டை எடுத்துவிட்டு யாராவது படுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பிறகு அங்கேயே இருந்துகொள்வார். பஞ்சாயத்துத் தலைவருக்கு மட்டும் பின்னால் வந்த படுக்கையைக் கொடுக்க முடியுமா, மரியாதைக் குறைவாகிவிடும் என்று முன்னால் கட்டிய இரண்டில் ஒன்றைக் கொடுத்தார் தங்கப்பழம்.

போகும் தேதியைப் பேசுவதற்குத் தினமும் கூட்டம் நடந்தது. இந்தச் சனிக்கிழமை ஒருவர் வீட்டில் சடங்கு, அடுத்த சனிக்கிழமை இன்னொருவர் மகளுக்குப் பரீட்சை. கொசுவத்தி யார் கொண்டு வருவது, கிரைண்டரைத் தூக்கிப் போகலாமா, தருவையில் சிக்னல் கிடைக்குமா என்று பேசிப் பேசி மத்தியானமாகிவிடும், வந்தவர்களைப் பட்டினியாக அனுப்ப முடியாதென்று செல்லக்கனி உலை வைப்பாள். முதலில் குக்கர், பிறகு குத்துப்போணி, பிறகு கல்யாண அண்டா. பக்கத்துவீட்டு எஸ்தர் டீச்சரும் இன்னும் நாலு பெண்களும் காய் நறுக்க வந்தார்கள். அவர்களுக்கும் படுக்கை வந்தது.

வண்டி ஊர்த் தெருவைத் தாண்டி ரோட்டைக் குறுக்கே மறித்தபோதும் பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. பஸ் இந்தப் பக்கம் நிற்கும், ஆட்கள் இறங்கிக் கேரவனுக்குள் ஒரு கதவில் ஏறி மறு கதவில் இறங்கி அந்தப் பக்கம் நிற்கும் பஸ்ஸைப் பிடிப்பார்கள், போகிற வழியில் சுயம்புவிடம் ஒரு டீயும் குடித்துக்கொள்வார்கள். வண்டி இன்ஸ்பெக்டர் ஒருவர் டேப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு, இவ்வளவு நீளத்துக்கு ஒரு வண்டி இருக்க முடியாது, ஆகவே இது கட்டடம் என்றார். வீட்டுவரி பார்க்க வந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, கட்டடத்துக்கு டயர் இருக்காது, ஆகவே இது வண்டி என்றார். இருவரும் அதைப் பேசிக்கொண்டே செல்லக்கனியின் சாளைமீன் குழம்பில் இரண்டாம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கி, "எங்க வீட்லயும் புள்ளைங்க எங்கயாவது போணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க," என்றார்.

"அதுக்கென்ன சார்."

மாசி பிறந்தபோது வண்டியின் மூக்கு தேரிக்குள் போய்விட்டது. எந்த வண்டியின் சக்கரமும் புதைகிற அந்த மணலில் கேரவன் மட்டும் புதையவில்லை, அது ஓடவில்லையே, வளரத்தானே செய்தது. சுயம்புதான் இதை முதலில் கண்டுபிடித்தார்.

"ஏல, யாரும் வண்டிய ஸ்டார்ட்டே பண்ணாண்டாம். இப்படியே ஆளச் சேத்துக்கிட்டே இருந்தா வண்டி தன்னால தருவைக்குப் போயிரும்!"

அதன்பிறகு ஆள் சேர்ப்பது ஊர்க் கடமையாகிவிட்டது. அக்கம்பக்கத்து ஊர்களுக்கு ஆட்டோவில் மைக் கட்டிப் போனார்கள். அசலூர் மாப்பிள்ளைமாரெல்லாம் வந்தார்கள். உள்ளே நீள நடைபாதையில் டிவிஎஸ் ஃபிப்டி ஓடியது, ஐஸ் விற்றது, இரண்டு வீட்டுக்கு ஒரு சம்பந்தமே முடிவாயிற்று. ஆனால் தருவையும் சும்மா இருக்கவில்லை. மூக்கு பத்தடி போனால் தண்ணீர் எட்டடி உள்வாங்கியது. முன்படுக்கையில் இருந்த தலைவர் தினமும் அதைப் படமெடுத்து 'தருவை டூர்' வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கரைக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு ஆள் நீளம் மிச்சமிருந்தபோது ஊரில் கூப்பிடுவதற்கு ஆளே இல்லாமல் போயிற்று.

ஒருவர் இருந்தார். பாலவேசம், தங்கப்பழத்தின் சித்தப்பா மகன், காம்பவுண்டுச் சுவர்ச் சண்டையில் எட்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர். ஊரே பின்னால் நிற்க, தங்கப்பழம் போய் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "எடே, நீயும் வாடே," என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. "வாறேன். ஆனா பேச மாட்டேன்."

படுக்கை வந்தது, ஜன்னலும் வந்தது. ஃபேன் வரவில்லை.

இன்னும் ஒரே ஓர் ஆள் நீளம்தான். யார் விட்டுப்போனது என்று ஊர் மண்டையைப் பிய்த்துக்கொண்டது. பிறந்த பிள்ளை, படுத்த கிழம், ஜெயிலிலிருந்து வந்தவன், துபாயிலிருந்து லீவில் வந்தவன் என்று எண்ணிப் பார்த்தாயிற்று, எல்லாருக்கும் படுக்கை இருந்தது.

அன்றைக்குக் காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எஸ்தர் டீச்சர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்: "மதினி, ஒங்க பெட்டு எங்கன இருக்கு? ஒரு நாள்கூட நீங்க படுத்துப் பாக்கலியே."

"முன்னால, கண்ணாடிகிட்ட," என்றாள் செல்லக்கனி. பிறகு அதை நினைத்துக்கொண்டே இருந்தாள். போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றியது. கையைக் கழுவி, ஒரு தூக்குவாளியில் புளிச்சோறு போட்டு, ஒரு விரிப்பையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பையில் வைத்துக்கொண்டு, பின்கதவு வழியாக ஏறினாள்.

நடந்தாள். வலது பக்கம் துண்டு, இடது பக்கம் துண்டு. "வாங்க மதினி, மத்தியானம் என்ன குழம்பு?" "அக்கா, நேத்து ரசத்துல உப்பு கொஞ்சம் தூக்கலு." "மைனி, இங்கன ஒரு சார்ஜர் பாயிண்டு வேலை செய்யல, அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்க." எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டே ஊரைக் கடந்து, ரோட்டைக் கடந்து, ஜன்னலில் சிவப்பு ஏறிக்கொண்டே வர, முந்திரிக் காட்டைக் கடந்து நடந்தாள். முன்னால் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கென்று கட்டிய படுக்கையில் ஒரு கரைவேட்டி காய்ந்தது. தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடி முன்னால் பஞ்சாயத்துத் தலைவர் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார்.

"யாரு, செல்லக்கனியா? வா தாயி. சாப்பாட்ட இங்கயே கொண்டாந்துட்டியா?"

எதிரே இருந்த புருஷனின் படுக்கையைப் பார்த்தாள், தலைவரின் படுக்கையைப் பார்த்தாள், வந்த வழியெல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அத்தனை நீளத்தில் அவளுக்கு ஒரு படுக்கை இல்லை. முன்கதவைத் திறந்து மணலில் குதித்தாள்.

மத்தியானம் அண்டாவில் வெறும் தண்ணீர் கொதித்தது. காய் நறுக்கிய பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "அக்கா இல்லாம உப்பு யாரு பாக்குறது?" என்றார்கள். எஸ்தர் டீச்சர் மட்டும் தங்கப்பழத்தைத் தனியே கூப்பிட்டு, "அண்ணாச்சி, முன்னால கண்ணாடிகிட்ட தலைவருல்லா இருக்காவ, மதினிக்கு நீங்க பெட்டே போடலியா?" என்று கேட்டார். தங்கப்பழம் "அவளுக்கென்ன..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. யாருடைய டிவிஎஸ்ஸையோ எடுத்துக்கொண்டு நடைபாதையில் ஓட்டினார். "அண்ணாச்சி, சோறு எப்ப?" "அண்ணாச்சி, சார்ஜர் பாயிண்டு!" "அண்ணாச்சி, எங்க ஓடுதிய?" ஒவ்வொரு படுக்கையிலிருந்தும் ஒரு கை நீண்டது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் போனார்.

முன்கதவு திறந்தே கிடந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால் தருவை. தண்ணீர் ஓரத்தில், ஒரு குடைவேல மரத்து நிழலில் விரிப்பைப் போட்டு, கால் இரண்டையும் நீட்டி, வாசலுக்கு முதுகைக் காட்டிச் செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள்.

"செல்லக்கனி. உள்ள வா."

"எங்க?"

"வண்டிக்குள்ளதான்."

"வண்டிக்குள்ள எனக்கு எடமில்ல."

"நீதான முதல்ல போவோம்னு சொன்ன? உன்னையத் தனியா வேற கூப்பிடணுமா?"

அவள் திரும்பினாள். "சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னவரப் போயிக் கூப்பிட்டிய. டேப்பு பிடிக்க வந்தவரக் கூப்பிட்டிய. ஊரையே கூப்பிட்டிய. என்னக் கூப்பிட்டியளா?"

ஜன்னல்களெல்லாம் தலைகளாகிவிட்டன. யாருக்கோ சட்டென்று உறைத்தது. "அட, விட்டுப்போனது இவதான்! கூப்பிடும் அண்ணாச்சி! ஒரு வார்த்தை கூப்பிடும், வண்டி தண்ணியத் தொட்டுரும்!" அந்தச் சத்தம் ஜன்னல் ஜன்னலாகப் பின்னால் ஊர் வரைக்கும் போய், "கூப்பிடும், கூப்பிடும்!" என்று திரும்பி வந்தது. கொயர் ஒரு பாட்டைக்கூட எடுத்துவிட்டது.

தங்கப்பழம் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தைதான். "செல்லக்கனி," என்றார், குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "நீயும் வாறியா?"

தகரம் முனக ஆரம்பித்தது. வண்டி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது.

செல்லக்கனி அவரைப் பார்த்தாள், ஜன்னல்களைப் பார்த்தாள். "வரல," என்றாள்.

அந்த வண்டிக்கு அந்தச் சொல் பழக்கமில்லை. இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நடுங்கியது, தலைவர் ஷேவ் பண்ணிய கண்ணாடி ஆணியிலிருந்து கழன்று தொட்டிக்குள் விழுந்தது.

"எனக்கு அதுக்குள்ள வர இஷ்டமில்ல," என்றாள் அவள் மறுபடி, மெதுவாக. "உங்களுக்கு இஷ்டம்னா நீங்க இங்க வாங்க."

அவரை அதுவரை யாரும் எங்கேயும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லாரும் அவரிடம் வருவார்கள், அவர் இருந்த இடத்தில் இருப்பார். தங்கப்பழம் வாசற்படியில் நின்று கீழே பார்த்தார். பின்னால் தலைவர், "எய்யா, நீ எறங்கிட்டா நாங்க என்ன பண்ணுறது?" என்றார். தங்கப்பழம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு குதித்தார். மணல் கணுக்கால் வரைக்கும் வாங்கிக்கொண்டது.

அதன்பிறகு நடந்ததை இலந்தைவிளையில் யாரும் வருத்தமாகச் சொல்வதில்லை. மத்தியானம் மூன்று மணியாகியும் சோறு வராததால் ஊர் முனையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்; ஒருவர் இறங்கினால் ஒரு படுக்கை இல்லாமல் போயிற்று, ஒரு படுக்கை போனால் மூக்கு ஓர் ஆள் நீளம் பின்னால் போயிற்று. தேரியில் இருந்தவர்கள் முதலில் குதித்து நடக்கத்தான் பார்த்தார்கள், மணல் சுட்டது, மறுபடி ஏறிக்கொண்டார்கள். ஏறிக்கொண்டதும் நல்லதாகப் போயிற்று. பின்னால் ஆட்கள் இறங்க இறங்க வண்டி தலைவரையும் கொயரையும் வில்லிசையையும் இன்ஸ்பெக்டர் வீட்டுப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு முந்திரிக் காட்டு வழியாக ஜிலுஜிலுவென்று காற்றடிக்கப் பின்னோக்கிப் போனது, ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள், பிள்ளைகள் கையாட்டின. அந்தக் கேரவன் ஓடிய ஒரே ஓட்டம் அதுதான். டூர் நன்றாக இருந்தது என்றே இன்றைக்கும் எல்லாரும் சொல்கிறார்கள். பாலவேசம் தன் ஜன்னலிலிருந்து, யாரிடம் என்றில்லாமல், "பரவால்ல," என்று ஒரு வார்த்தை சொன்னதாகவும் கேள்வி.

தகரச் சத்தம் அடங்கியபோது தருவையில் அவர்கள் இருவரும்தான். தண்ணீரில் நாலைந்து நாரைகள் நின்றன. தங்கப்பழத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"ஏதாவது பேசணுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பேசாண்டாம்."

"நீ ஏதோ சொல்லணும்னு..."

"சொல்லுதேன். அவசரமா?"

மேட்டுக்கு மேலே மணிச்சத்தம் கேட்டது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு மாசானம் வந்தார், தேரியில் ஆடு மேய்க்கிறவர், யாரும் கூப்பிடாமல் விட்டுப்போன இன்னோர் ஆள். குடைவேல மரத்தையும் நிழலையும் பார்த்தார், வெயிலில் கறுத்த முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"தங்கப்பழமா? நல்ல நெழலு. நானும் செத்த நேரம் உக்காரட்டுமா?"

தங்கப்பழத்தின் வாய் தானாகத் திறந்தது. "அது..." என்றார். செல்லக்கனி தூக்குவாளி மூடியைத் திறந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் அவள் கை நின்றுவிட்டது. தங்கப்பழம் கையிலிருந்த செருப்பை மறு கைக்கு மாற்றினார், மறுபடி இந்தக் கைக்கு மாற்றினார்.

"நாளைக்கு வாங்களேன் அண்ணாச்சி," என்றார்.

மாசானம் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அதுக்கென்ன," என்று சொல்லிவிட்டு ஆடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார். வானம் இடிந்து விழவில்லை. நாரைகள் அப்படியே நின்றன. தங்கப்பழம் செருப்பைக் கீழே போட்டார்.

"சோறு ஒரு ஆளுக்குத்தான் கொண்டாந்தேன்," என்றாள் செல்லக்கனி. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று நின்றது.

விரிப்பும் ஒரு ஆளுக்கு உள்ளதுதான். தங்கப்பழம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், அது நீளும் என்று அவர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நீளவில்லை. செல்லக்கனிதான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.